ஒட்டுமா?

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான பழமொழி கிடையாது. இருபது வருஷத்துக்கு முன் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை எதிரே வந்து நிற்கிறான். தாய்க்கு நெஞ்சு படபடக்கிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை, வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. கதையில் இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. வீட்டில்தான் வம்பு. பிள்ளையில்லாத தம்பதிகள் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கலாம் என்று வாய் திறந்தால் போதும், "என்ன இருந்தாலும் ரத்தம் வேறே, ஒட்டுமா?" என்று பெரியவர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு கேட்பதுதான் விந்தை. ஊரின் பெருமை முழுவதும் கண்டெடுத்த ஒரு குழந்தையால் வந்தது. ஆடிப் பூரத்தன்று நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் கிடந்த பெண் சிசுவை விஷ்ணுசித்தர் எடுத்துக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. பெற்றவள் பூமாதேவி என்று சொல்லி, மேற்கொண்டு விசாரணைக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள். நல்ல காரியம்.

ஆனால் அந்தச் சிசுவின் பக்கத்திலிருந்தும் யோசிக்க வேண்டாமா? பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்கு அப்பால் எல்லாம் மங்கல். மூக்கு மட்டும் வரும்போதே தயாராக வருகிறது. தாய் உண்பதன் வாசனை பனிக்குடத்து நீரில் கலக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சிசு அதைப் பழகிக்கொள்கிறது. பிரான்ஸில் நடந்து 2000-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சோம்பு மணமுள்ள பண்டங்களைக் கர்ப்ப காலத்தில் தின்ற தாய்மாரின் குழந்தைகள், பிறந்ததுமே அந்த மணத்தை நாடின. மற்றவை முகம் சுளித்தன, அல்லது சும்மா இருந்தன.

1994-இல் வெளியான இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு, இரண்டுக்கும் நடுவே அப்போதுதான் பிறந்த குழந்தையைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார்கள். 30 குழந்தைகளில் 22, கழுவாத மார்பைத்தான் தேடிப் பிடித்தன.

இதைப் படித்ததும் எனக்கு ஆண்டாளின் மாலைதான் ஞாபகம் வந்தது. மோந்த பூ பூஜைக்கு ஆகாது என்பது ஆசாரம். விஷ்ணுசித்தரும் அதற்குப் பயந்து, மகள் சூடிக் கழற்றிய மாலையை ஒதுக்கிவிட்டுப் புது மாலை கட்டிக்கொண்டு போனார். பெருமாள் அதை ஏற்கவில்லை. அவள் கூந்தலின் மணம் ஏறியதுதான் வேண்டும் என்றாராம். இன்றும் அவள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்து திருப்பதிக்குப் பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. சுத்தம் என்பது ஆள் இல்லாத பூ. அன்புக்கு வேண்டியது ஆள். பிறந்து ஒரு நாழிகை ஆகாத குழந்தைக்கு இது தெரிந்திருக்கிறது, ஆசாரத்துக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் பெற்றவள்தானே பெரிது? நாங்கள் சொன்னது சரியாகப் போயிற்று" என்பார்கள் பெரியவர்கள். அவசரப்படக் கூடாது. சோம்பு என்ன ரத்தமா? கர்ப்பத்தில் நடந்ததும் பழக்கம்தான்; கொஞ்சம் முந்திய பழக்கம். அந்தப் பழக்கம் பிறந்தபின் நின்றுபோவதில்லை. அமெரிக்காவில் 1991-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைகளை மெல்லத் தடவிக் கொடுத்துக்கொண்டே எலுமிச்சை வகை வாசனை ஒன்றைக் காட்டினார்கள். மறுநாள் அந்த வாசனை வந்த பக்கம் அவை தலையைத் திருப்பின. வெறும் வாசனையை மட்டும் மோந்தவை திரும்பவில்லை. கை தொட்டதனால்தான் வாசனை உறவாயிற்று. நந்தவனத்தில் ஈரத் துளசியும் பூத்தொடுக்கும் கையுமாக ஒருவர் குனிந்து எடுத்தபோது என்ன ஆரம்பித்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பிள்ளையை உச்சி மோந்து கொஞ்சுகிற ஜனங்கள் நாம். இது நமக்குப் புதிதாக இருக்கவேண்டியதில்லை.

ஒன்றும் இழக்கவில்லை என்று சாதிப்பதற்கில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தது. தொட்டிலில் விடப்பட்ட ஒவ்வொரு சிசுவும், தனக்குத் தெரிந்த ஒரே வாசனையை அங்கேதான் பறிகொடுத்தது. சிலவற்றைச் சுற்றியிருந்தது தாயின் பழம்புடவைக் கிழிசலாகவும் இருந்திருக்கும். அழுக்கென்று அதை உடனே சோப்புப் போட்டு அலசிவிடாமல், புதுக் கைகள் பழகும்வரை இரண்டு நாள் பக்கத்தில் போட்டு வைத்தால் என்ன?