இனாமும் கடனும்

ஆவடியில் எங்க ஆயாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. இலவச முகாமுக்குக் கூப்பிட்டால், 'இனாமா? அப்புறம் எவன் முன்னாடி கைகட்டி நிக்கணும்?' என்றாள். சேரிக்கு வந்த இனாம் எதுவும் சும்மா வந்ததில்லை. கிழவி கேட்டது சரிதான்.

மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசுள்ளவன் கட்டுகிற பணத்தில் இல்லாதவனுக்கும் அறுவை நடக்கிறது. 1992இல் அங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்ததும் விலை பல மடங்கு இறங்கியது. 2017இல் ஆவடிக்குப் பக்கத்தில் நூம்பலுக்கும் வந்தாயிற்று.

இதைத் தருமம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆயிரமாயிரம் ஏழைக் கண்களில் பழகித்தானே டாக்டர் கை தேர்ந்தது? காசு கொடுத்தவன் கண்ணையும் அதே கைதான் தொடுது. அப்போ யாருக்கு யார் கடன்?

ஆயாவிடம் இதைத்தான் சொன்னேன். நம்பினாளோ என்னவோ, வந்தாள். கட்டு அவிழ்த்ததும் யாரையும் கும்பிடவில்லை. என் சட்டையைப் பார்த்து, 'பொத்தான் அறுந்து கெடக்குதேடா' என்றாள்.