பண்ணையாளும் வில்லனும்

திரைப்படத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் பரவிவிட்ட 'வில்லன்' என்ற ஆங்கிலச் சொல், பிறப்பில் தீமை எதையும் குறிக்கவில்லை. நாட்டுப்புறப் பண்ணை மனையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் லத்தீனில் 'வில்லா' என்பர். அந்நிலத்தில் உழைத்தவன் இடைக்கால லத்தீனில் 'வில்லானுஸ்', அதாவது பண்ணையாள். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தை அடைந்த இச்சொல்லின் லத்தீன் வடிவமே, முதலாம் வில்லியம் மன்னன் 1086இல் தொகுப்பித்த 'டூம்ஸ்டே' நிலக் கணக்கேட்டில் மிகப் பெரிய குடிப்பிரிவின் பெயராக நிற்கிறது.

அக்குடியானவனின் நிலையை அறிய 'ஹெரியட்' என்ற இறப்பு வரி ஒன்றே போதும். குடும்பத் தலைவன் இறந்தால், அவன் தொழுவத்தில் நின்ற கால்நடைகளில் சிறந்ததைப் பிரபு ஓட்டிச் செல்வான். பல ஊர்களில் அதற்கடுத்த சிறந்த மாடு தேவாலயத்துக்குப் போகும். மகளைக் கட்டிக்கொடுக்கவும் பிரபுவுக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அவனை எதிர்த்து அரசனின் நீதிமன்றத்தில் நில வழக்காடவும் வழியில்லை. 1381இல் வெடித்த உழவர் கிளர்ச்சியில் பல இடங்களில் பண்ணை நீதிமன்ற ஏடுகள் தேடி எரிக்கப்பட்டதற்குக் காரணம், இக்கடமைகளுக்கெல்லாம் சான்று அவ்வேடுகளில் இருந்தமையே.

இழவு வீட்டில் மாட்டை ஓட்டிச் சென்றவன் ஒருவன். கெட்டவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதோ மாட்டைப் பறிகொடுத்தவன்மேல். உயர்குடிப் பிறப்பை மட்டுமே சுட்டிய 'நோபிள்', 'ஜென்டில்' ஆகிய சொற்கள் அதே காலப்போக்கில் நற்பண்பின் பெயர்களாயின. சமூகத் தகுதியைக் குறித்த சொற்கள் ஒழுக்கச் சொற்களாக மாறும் இப்போக்கை ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியான தம் சொல்லாய்வு நூலில் விளக்கினார். அதற்கு முன்பே, 1887இல், ஜெர்மன் மெய்யியலாளர் நீட்சே இதைக் கவனித்து, பெயரிடும் உரிமையை ஆள்வோரின் ஆற்றலாகக் கண்டார். ஆற்றல்தான், மறுப்பதற்கில்லை, ஆனால் செயலை எடைபோடுமுன் ஆளின் பிறப்பை எடைபோட்டுத் தீர்ப்பெழுதும் ஆற்றல் அறத்தின் கணக்கில் வராது.

சொல்லின் பிறப்புக்குப் பிற்காலத்தார் பொறுப்பல்லர் என்ற வாதம் இதற்கு எதிராக வைக்கப்படும். வில்லனைப் பொறுத்தவரை அது செல்லுபடியாகும். அந்தப் பண்ணையடிமைக் குடி மறைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அப்பெயரால் புண்படுவோர் எவரும் இல்லை. பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றில் பண்ணையாரே வில்லனாக வந்து, பண்ணையாளின் பெயரை அவரே சுமந்ததும் வேடிக்கையான நீதிதான்.

ஆயினும் அதே வாதத்தைத் தமிழ் வசவிலுள்ள 'சண்டாளன்' என்ற சொல்லுக்கு நீட்டும்போது அது தடுமாறுகிறது. ஸ்மிருதி நூல்கள் கலப்பு மணத்தில் பிறந்தோர்க்கு விதித்த இழிபெயர் அது. வங்காளத்தில் அவ்வாறு அழைக்கப்பட்ட மக்கள் அப்பெயரை ஏற்க மறுத்துப் போராடி, 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நாமசூத்திரர்' என்ற பெயரைப் பெற்றனர். இங்கே திட்டுபவர் எந்தக் குலத்தையும் மனத்தில் கொள்வதில்லை என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால் அப்பெயரைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாழ்கிறார்கள் என்பதும் உண்மையாகையால், வில்லனுக்குக் கிடைக்கும் மன்னிப்பு இச்சொல்லுக்குக் கிடைக்க நியாயமில்லை.