படலையைத் திறந்து போங்கள்



இன்று எங்கள் ஊர்களிலே பல வீட்டுக் கூரைகளில் டிஷ் அன்ரனாக்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. அவை தேடும் செய்மதி பூமத்திய கோட்டுக்கு நேர்மேலே ஏறக்குறைய 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில் அதுவும் பூமியை ஒருமுறை சுற்றி வருவதால், எங்களுக்கு அது எப்போதும் ஒரே இடத்திலேயே நிற்கிறது. ஆகவே திருப்ப வேண்டியது எங்கள் டிஷ்ஷைத்தான். இங்கே 1 பாகை பிசகினால், அங்கே 600 கிலோமீற்றருக்கு மேல் பிசகிவிடும்.

மாறாத இறைவனை நோக்கி எங்கள் உள்ளத்தைத் திருப்புவதும் அப்படித்தான். பாபிலோனிலே தானியேல், எருசலேமை நோக்கித் திறந்த பலகணியின் முன் நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டுச் செபித்தார். சிங்கக் குகைக்கு அஞ்சியும் அவர் திசை மாறவில்லை.

ஆனால் திசை சரியாயிருந்தும் படம் வராமற் போவதுண்டு. கடும் மழை பெய்யும்போது செய்மதியின் அலைகள் வலுவிழக்கின்றன. மழை விட்டதும் படம் தானே திரும்பிவிடும். நோயிலும் பிரிவிலும் செபம் வறண்டு போவது இத்தகையது. அது பாவமல்ல. செபத்தை விடாமல் பொறுத்திருங்கள்.

நல்ல வெயில் நாளிலும் படம் வராவிட்டால்? விபரம் தெரிந்தவர் டிஷ்ஷைச் சும்மா திருப்பிக்கொண்டிருக்க மாட்டார். அதன் பக்கத்தில் நின்று, அது நோக்கும் திசையை அண்ணாந்து பார்ப்பார். பூட்டிய அன்று வேலியோரம் கன்றாய் நின்ற மாமரம், நாலைந்து மாரிக்குள் தழைத்துக் குறுக்கே வந்திருக்கும். அடர்ந்த இலைகளைக் கடந்து வர அந்த அலைகளுக்கு வலுவில்லை.

நாங்களோ ஒரு நவநாளை விட்டு மற்றொரு நவநாளைத் தொடங்குகிறோம். மடுத் திருப்பதிக்கு நேர்த்தி வைக்கிறோம். எல்லாம் நல்லவையே. ஆயினும் குறுக்கே நிற்பதை அண்ணாந்து பார்க்கிறோமா? எல்லைக் கதியால் ஒன்று, பங்கிடாத காணித்துண்டு ஒன்று, மரணவீட்டிலே சொன்ன ஒரு கடுஞ்சொல் - தொடக்கத்தில் இவை சிறு கன்றுகளே. பேசாதிருந்த ஒவ்வோர் ஆண்டும் இரு பக்கத்தாரும் அவற்றுக்கு நீர் வார்த்தோம்.

அந்த மரம் பலவேளை அயலவரின் வளவிலேதான் நிற்கிறது. வேலி பாய்ந்து வெட்ட முடியாது. படலையைத் திறந்து போய், அவரோடு பேசத்தான் வேண்டும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் உன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் போ என்பதே ஆண்டவர் இயேசுவின் கட்டளை (மத்தேயு 5:23-24). வானத்தை நோக்கிய எங்கள் பார்வை அயலவரின் வளவுக்கு மேலாகவே செல்கிறது.

அவர் கிளையை வெட்ட இசையாவிட்டால், டிஷ்ஷை நாங்களே இரண்டு முழம் தள்ளிப் பூட்டலாம். நியாயம் எங்கள் பக்கம் இருந்தாலும் சற்று விட்டுக்கொடுப்பது தாழ்ச்சி. அந்தத் தாழ்ச்சி ஒருபோதும் நட்டமாவதில்லை.

அன்பரே, உங்கள் வீட்டில் யாருடைய பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்? வரும் ஞாயிறு பூசைமணி அடிப்பதற்கு முன் அந்தப் படலையைத் தட்டுங்கள். முதற்சொல் உங்களுடையதாய் இருக்கட்டும். இறைவன் உங்கள் இரு வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.