கடம்பூர் இருட்டில் யார்?

1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருடம் வாரவாரம் வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1954-ல் முடிந்தபோது, வாசகர்கள் பலருக்குத் திருப்தி இல்லை. கதையைச் சட்டென்று நிறுத்திவிட்டதாகக் குறைப்பட்டுக் கல்கிக்கே எழுதினார்கள். அவர் ஒரு முடிவுரை எழுதி, வரலாற்றை வைத்துப் பின்னிய கதையை வெறும் கற்பனைக் கதை போல முடித்துவிட முடியாது என்று விளக்கினார்; யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்பதையும் சொன்னார். ஒன்றை மட்டும் அவர் தீர்த்து வைக்கவில்லை. கடம்பூர் மாளிகையின் இருட்டில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

இதைச் சரித்திர நாவல் என்றே எல்லோரும் சொல்கிறோம். எனக்கு இது முதலில் ஒற்றர் கதை. வந்தியத்தேவன் இடுப்பில் ஓலையோடு வருகிறான். ஆழ்வார்க்கடியான் நாமத்தையும் வைஷ்ணவச் சண்டையையும் முன்னால் நிறுத்திக்கொண்டு முதன்மந்திரி அநிருத்தருக்காக உளவு பார்க்கிறான். பனை இலச்சினை மோதிரம் ஒன்று கோட்டைக் கதவுகளைத் திறக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் யாரோ காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை கண்ணும் காதும் இருந்தும், நடந்தவற்றில் மிகப் பெரிய காரியத்தை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்த பிரதி. ஓவியர் மணியத்தின் படங்களில் நந்தினியின் கொண்டை வருமிடமெல்லாம் யாரோ விரல் வைத்து வைத்துக் காகிதம் மங்கியிருந்தது. வயல் வேலை இல்லாத மத்தியானங்களில் அந்தக் கொலையைப் பற்றி வீட்டில் பேச்சு கிளம்பும். பெரிய பழுவேட்டரையர்தான் என்பது அத்தையின் கட்சி. “அந்த மனுஷனே தன் வாயால ஒத்துக்கிட்டார். அவர் பொய் சொல்ற ஆளா?” என்பார். மணிமேகலையும்தானே தான் கொன்றதாகச் சொல்கிறாள் என்றால், “அது ஆசையில சொல்றது” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். பெரியப்பாவுக்குச் சதிகாரன் ரவிதாஸனைத் தவிர வேறு பேச்சே கிடையாது. “கல்வெட்டே இருக்கு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

கல்வெட்டு இருப்பது உண்மை. காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்து சபைக்கு ராஜராஜன் தன் இரண்டாம் ஆட்சியாண்டில் அனுப்பிய ஆணை அது. சோமன், அவன் தம்பி ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. பிரமாதிராஜன் என்பது அரசு கொடுக்கும் உயர்ந்த பட்டம். ஆகவே கொலைகாரர்கள் என்று எழுதப்பட்டவர்கள் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தவர்கள். இவர்களைத் தூண்டியது யார், காரணம் என்ன என்று அதில் இல்லை.

இல்லாத அந்த இடத்தில்தான் அறிஞர்களும் பிரிகிறார்கள். நீலகண்ட சாஸ்திரி, பட்டத்துக்கு வந்த உத்தம சோழனைச் சந்தேகித்தார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பண்டாரத்தாருக்குச் சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள திருப்புறம்பயம். சதிகாரர்கள் இரவில் கூடிப் பேச, ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து கேட்பதாகக் கல்கி எழுதிய பள்ளிப்படை அந்த ஊரில்தான் இருக்கிறது. அந்த ஊர்க் கோயிலில் சாமிக்குப் பெயர் சாட்சிநாதர்.

ஆனால் அந்தக் கல்வெட்டில் பெரியப்பா ஒருபோதும் பேசாத பகுதி ஒன்று உண்டு. சொத்தைப் பறிக்கச் சொல்லும் ஆணை அண்ணன் தம்பிகளோடு நிற்பதில்லை. அவர்கள் பிள்ளைகள், மனைவிமார், தாய்மார், மாமன்மார், அவர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், அவர்கள் வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்று உறவுமுறை முழுக்கப் படிப்படியாக இறங்கிப் போகிறது. கொலை நடந்தோ ஏறக்குறைய பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தையும் இந்தப் பட்டியலுக்குள் வந்திருக்கும். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு என்பதற்காக ஒருவர் நிலத்தை இழந்திருப்பார். ராஜராஜனுக்கு இறந்தவன் கூடப் பிறந்த அண்ணன். அவனுடைய துக்கமும் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த உறவுப் பட்டியலை வாசிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

காவிரித் தண்ணீரை நம்பிய எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்தப் பட்டியல் தூரத்து விஷயமில்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காமல் போன ஒரு வருடம், தண்ணீர் தாமதமாக வந்து, எங்கள் வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். எங்கள் முறை முடிந்து நாற்றங்காலில் தண்ணீர் கட்டியிருந்தது. விடிகாலையில் போய்ப் பார்த்தால் வயல் வெறுமையாகக் கிடந்தது. வாமடையில் அடைத்த சேறு போயிருந்தது. சேற்றில் நாற்று சாய்ந்து படுத்திருந்தது. வரப்பில் ஒரு காலடித் தடம். அது போதுமாக இருந்தது பெரியப்பாவுக்கு. கீழ் வயல் பங்காளி வீட்டுக்காரர்தான் வெட்டிவிட்டார் என்று முடிவாகிவிட்டது.

வரப்பில் காலடித் தடம் இல்லாத நாள் ஏது? அதே வரப்பில், வாமடைக்கு ஒரு சாண் தள்ளி, நண்டு வளை இருந்தது. நண்டு துளைத்த வரப்பு ஒரே இரவில் கரைந்து போவதை விவசாயம் பார்க்கும் எல்லோரும் அறிவார்கள், பெரியப்பாவும் அறிவார். வளையை அவரும் பார்த்தார். ஆனால் நண்டின் மேல் வழக்குப் போட முடியாது. இத்தனை நஷ்டத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது அவருக்கு. அன்றிலிருந்து அந்த வீட்டோடு நல்லது கெட்டது இல்லை. அவர்கள் வீட்டுச் சாவுக்கு எங்கள் வீட்டிலிருந்து கோடித்துணி போகவில்லை. அந்த வீட்டில் என் வயதுப் பையன்கள், அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள், தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு மனிதன் வாழ முடியுமா? எனக்கு நாவல் வைக்கும் கேள்வி இதுதான். குற்றவாளியின் பெயர் கிடைக்காவிட்டால் தூக்கம் வராது என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது நியாயத்தின் மேல் உள்ள பிடிப்பு. ஆனால் பெயர் கிடைக்கவில்லை என்றதும் கைக்கு எட்டிய பெயரைப் பிடித்துக்கொள்கிறோமே, அது நியாயம் இல்லை. கடம்பூரிலும் அதுதான் நடக்கிறது. பிணத்துக்குப் பக்கத்தில் அகப்பட்டவன் வந்தியத்தேவன். அதனால் பாதாளச் சிறைக்குப் போகிறவனும் அவன். அவன் எதையும் செய்யவில்லை என்பது வாசகனுக்குத் தெரியும். பக்கத்து வயல்காரனைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு யாரும் அத்தியாயம் எழுதித் தருவதில்லை.

மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்தவர் கல்கி. வாய்க்கால் வரப்புத் தகராறுகளை நன்றாகவே கண்டிருப்பார். நினைத்திருந்தால் கல்வெட்டைக் காட்டி ரவிதாஸன் கையில் வாளைக் கொடுத்து முடித்திருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. அதைச் செய்யாமல், ஒரே சாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பொறுப்பேற்க முன்வரும்படி வைத்தார். மணிரத்னத்தின் படம், 2023-ல் வந்த இரண்டாம் பாகம், அந்தக் காட்சிக்கு ஒரு விடையைக் கண்முன் காட்டிவிட்டது. திரையில் காட்டாமல் இருப்பது கடினம்தான். ஆனால் தியேட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் காரில் யாரும் சண்டை போடவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிந்தது.

பெரியப்பா காலமாகிவிட்டார். போன கார்த்திகையில் அந்தப் பங்காளி வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத்தான் கொடுத்தார்கள். “போகலாமாடா? அவரு இருந்தா ஒத்துக்க மாட்டாரே” என்றார் பெரியம்மா. “யாரு வெட்டினாங்கன்னு நமக்குத் தெரியாது பெரியம்மா. தெரியாதுங்கறதுக்காக இன்னும் எத்தனை வருஷம்?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டார்.

மண்டபத்தில் மொய் எழுதுகிறவர் எங்கள் வீட்டுப் பெயரைக் கேட்டு, நிமிர்ந்து ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினார். வரும் தையில் எங்கள் வீட்டில் காதுகுத்து. முதல் பத்திரிகை அவர்களுக்குத்தான்; பெரியம்மாவே நேரில் போய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.