பிள்ளை மறைத்து வைக்கும் மகிழ்ச்சி

மனம் தான் நேசிப்பதையெல்லாம் தன்னுடையதாக்கிக்கொள்ளத் துடிக்கிறது. அன்பும் உடைமை உணர்வும் ஒன்றாகவே முளைத்து ஒன்றாகவே வளர்கின்றன. குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கும்வரை இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தேவை நமக்கு வருவதில்லை. கணவனும் மனைவியும் பிரிகிற நாளில்தான் கேள்வி எழுகிறது: பிள்ளை இனி யாரிடம்? அந்தக் கேள்வி வலி மிகுந்தது. ஆனாலும் நமக்குள் அன்பு எது, பற்று எது என்று சற்றே நின்று பார்க்க அது ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது.

அந்த வாசலில் நாம் சற்று நேரம் நிற்போம். அவசரம் வேண்டாம்.

குடும்பநல நீதிமன்றத்துக்கு வருகிற இருவரும் 'என் பிள்ளை' என்றுதான் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. இருவர் மனமும் காயப்பட்டிருக்கிறது. காயப்பட்ட மனம் எதையாவது இறுகப் பற்றிக்கொள்ளத் தேடுகிறது. கைக்கு எட்டுவது பிள்ளைதான். எனவே பிள்ளையை வெல்வதே தன் வாழ்க்கையை மீட்பது என்று அது நம்பத் தொடங்குகிறது.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே சட்டம் நிதானமாகப் பேசுகிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனை வைக்கிறது. சொந்தமாக யோசித்துச் சொல்லும் பக்குவம் வந்த பிள்ளை என்றால், அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று அதைவிடப் பழைய 1890-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றிய உத்தரவு காலத்துக்கேற்ப மாற்றக்கூடியது என்கிறது இந்து திருமணச் சட்டம். பிள்ளை வளரும், அதன் தேவைகளும் மாறும். இன்றைய வெற்றி என்றைக்குமான வெற்றி ஆகாது. இன்றைய இழப்பும் அப்படியே. இதை உணர்கிற மனம் மெல்லத் தளர்கிறது. இறுகிய கை சற்றே விரிகிறது.

இன்னும் ஓர் அடி உள்ளே போவோம். வாரம் ஒரு நாளோ மாதம் இரண்டு நாளோ பிள்ளையைப் பார்க்கக் கிடைக்கும் அனுமதியை நாம் அப்பாவின் உரிமை என்றும் அம்மாவின் உரிமை என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1992-இல் இந்தியாவும் இணைந்தது. பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தை, தன் நலனுக்குக் கேடு இல்லாதவரை, இருவரோடும் தொடர்ந்து உறவு வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. அங்கே அந்த உரிமை குழந்தையுடையது. அப்படியானால் நாம் அனுப்பி வைப்பதில் விட்டுக்கொடுத்தல் எதுவும் இல்லை. பிள்ளைக்குச் சேர வேண்டியது பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

இதை அறிவு எளிதில் ஏற்கும். மனம் ஏற்கச் சற்றுக் காலம் பிடிக்கும். அது ஏற்றுக்கொண்டதா என்பதை ஒரு சிறு கணத்தில் தெரிந்துகொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்பாவிடம் போயிருந்த பிள்ளை வீடு திரும்புகிறது. தோள்பையை இறக்கும் முன்பே அம்மா கேட்கிறார், "எப்படிடா இருந்துச்சு?" பிள்ளை முதலில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. பிறகு, "ஒண்ணும் இல்லம்மா, போர்தான்" என்கிறது. அதன் கால்சட்டை மடிப்பில் இன்னும் கடற்கரை மணல் ஒட்டியிருக்கிறது. பகல் முழுக்க அலையில் ஆடிச் சிரித்த பிள்ளை, அம்மா நோகக்கூடாதே என்று அந்தச் சிரிப்பை மறைக்கிறது. அப்பாவிடம் போகும்போது அம்மா வீட்டு மகிழ்ச்சியையும் இப்படித்தான் மறைக்கிறது. யாரும் அதற்குப் பொய் சொல்லக் கற்றுத் தரவில்லை. இருவர் மீதும் உள்ள அன்பே அதைப் பொய் சொல்ல வைக்கிறது.

பிள்ளையின் மகிழ்ச்சி நமக்கு எதிரானதன்று. அடுத்த வீட்டில் அது சிரித்தால் நம் வீட்டில் எதுவும் குறைந்துவிடாது. இதை நாம் நமக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லச் சொல்ல மனம் இளகும்.

2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவில், பிரிந்து வாழ்பவர் பிள்ளையைப் பார்க்க வரும்போது அவரை விருந்தினராக நடத்தச் சொன்னது. சிற்றுண்டி கொடுங்கள், பிள்ளையின் முன் ஒருவரிடம் ஒருவர் கனிவாக இருங்கள் என்றது. வந்தவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்க முந்தைய கணக்கு எதுவும் தீர்ந்திருக்க வேண்டியதில்லை. தன் அம்மா தன் அப்பாவுக்குக் காபி கொடுப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, இருவரையும் நேசிக்க அனுமதி கிடைத்துவிடுகிறது.

ஆனால் அமைதி என்பது எல்லாவற்றையும் பொறுத்துப் போவது ஆகாது. அடியும் அச்சமும் இருந்த இடத்தில் விலகி நிற்பதே அறம். அங்கே பிள்ளையைக் காப்பதுதான் முதல் கடமை. பிறர் கண்காணிப்பில் சந்திப்பு நடக்கட்டும் என்று நீதிமன்றத்தைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அந்த உறுதியையும் வெறுப்பில்லாமல் காக்க முடியும்.

மற்ற வீடுகளில் பயிற்சி மிக எளியது. பிள்ளையை அனுப்பும் முன் ஒரு கணம் மூச்சைக் கவனிப்போம். "உங்கப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பாமல் அதை நாமே பேசிக்கொள்வோம். திரும்பி வந்ததும் விசாரிக்காமல் சோறு போடுவோம். தானாகச் சொன்னால் முகம் மாறாமல் கேட்போம். மனம் சுருங்கினால் அந்தச் சுருக்கத்தையும் பார்ப்போம். பார்க்கப் பார்க்க அது தணியும். மாதம் இரண்டு நாள் மட்டுமே கிடைக்கிறவருக்கும் இதுவே வழி. அந்த நாள்களைப் பொம்மைகளால் நிரப்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே பிள்ளைக்குப் போதும்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். அடுத்த வாய்தா எப்போது, தீர்ப்பு எப்படி என்பதெல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் பிள்ளை தன் மகிழ்ச்சியை மறைக்காமல் நம்மிடம் சொல்லும்படி இருப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. அதற்கு எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு அந்தச் சுதந்திரத்தைத் தரும்போது நம் மனமும் விடுபடுகிறது.