கைகட்டி நிற்கும் நேரம்

சனிக்கிழமை காலை எட்டு மணி. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடல். இரவு பெய்த மழையின் ஈரம் புல்லில் இன்னும் காயவில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு கயிற்று நுனிகளைப் பிடித்துக்கொண்டு மந்திரம்போல் முணுமுணுக்கிறான்: "வலது இடதுக்கு மேல, இடது வலதுக்கு மேல." சாரணர்கள் தொடக்கத்திலேயே கற்கும் ரீஃப் முடிச்சு அது. இரண்டாம் முறையும் வலதையே மேலே கொண்டுபோனால், பார்க்க முடிச்சுப் போலவே இருக்கும். இழுத்தால் நழுவிவிடும். அவன் நான்கு முறை அப்படித்தான் போட்டுவிட்டான்.

அவன் என் மகன். ஓடிப்போய்த் திருத்த என் கை பரபரக்கிறது.

"விடுங்க தம்பி, அவனே பார்த்துக்குவான்" என்கிறார் பக்கத்தில் நிற்கும் அக்கா.

அந்த அக்காவின் பையன் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். பெரிய பானையில் மைலோ கலக்குவார், கீழே விழுந்தவன் முட்டியைக் கழுவி மருந்து போடுவார், யாருடைய காலணிக் கயிறு அவிழ்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்வார். ஆனால் முடிச்சை மட்டும் யாருக்கும் போட்டுக்கொடுக்க மாட்டார்.

நான் இங்கே வரத் தொடங்கியது என் பிள்ளைக்காக. அதை மறைக்க வேண்டியதில்லை. அவனுக்கு வெயில் படுமே, சாப்பிட்டானோ இல்லையோ என்ற கவலைதான் என்னைத் திடலுக்கு இழுத்து வந்தது. முதல் மாதம் என் கண் முப்பது பிள்ளைகளில் ஒருவனை மட்டும்தான் பார்த்தது. பிறகு ஒருநாள், யாரோ ஒரு சிறுமி தன் கழுத்து ஸ்கார்ப்பை நீட்டி, "அங்கிள், இது எப்படி மடிக்கணும்?" என்று கேட்டாள். குனிந்து காட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோதுதான், கால் மணி நேரமாக என் மகன் எங்கே என்று நான் தேடவே இல்லை என்பது உறைத்தது. மனம் அவ்வளவு லேசாக இருந்து வெகுநாளாகியிருந்தது.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல் போட்டிருப்பார்கள். மோர் ஊற்றுகிறவர் நீட்டிய குவளையைத்தான் பார்க்கிறார், நீட்டியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. அந்தப் புண்ணியத்தின் ஒரு துளி அன்று எனக்கும் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவுக்குச் சுமார் இருபது சிறுவர்களை அழைத்துப் போனபோது அவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். அணியைப் பொறுப்பேற்று நடத்துவது பிள்ளை, பெரியவர் ஓரடி பின்னே. மறு ஆண்டே பினாங்கில் காலூன்றி, மலாயா முழுவதும் பரவிய இயக்கத்தின் உயிர் அந்த ஓரடி இடைவெளியில்தான் இருக்கிறது. பெற்றவர்களுக்கு அந்த ஓரடிதான் மலை.

'பெற்றோர்' என்ற சொல்லை நாம் நின்று பார்ப்பதே இல்லை. பெறுதல் என்றால் ஈன்றெடுத்தல் மட்டுமல்ல, ஒன்றைக் கைநீட்டி வாங்குதலும்தான். ஆக்கியோர் என்று நம் முன்னோர் சொல்லவில்லை, பெற்றோர் என்றார்கள். வாங்கிக்கொண்டவர் பத்திரமாக வைத்திருக்கலாம், சோறூட்டலாம், துடைத்துவிடலாம். உரிமைப் பத்திரம் எழுதிக்கொள்ள முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில், திரை விலகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லாரும் கைகட்டி நிற்போம். செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. உள்ளே ஏதோ நடக்கிறது. அது நம் வேலையன்று. ஆனாலும் அங்கே நிற்பதுதான் வழிபாடு. திடலில் நிற்கும்போதும் இப்போது அதே அமைதி வருகிறது. ஒரு பிள்ளைக்குள் ஏதோ திறந்துகொண்டிருக்கிறது. திரைக்கு இந்தப் பக்கம் நிற்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

ஐந்தாம் முறை அவன் முடிச்சு நின்றது. பளு தாங்கும் முடிச்சல்ல அது. காயத்துக் கட்டுக்கு ஏற்றது, ஏனென்றால் தட்டையாகப் படுத்துப் புண்ணை உறுத்தாது. அவிழ்க்கவும் எளிது. இரு பக்கக் கயிறுகளையும் நடுவை நோக்கித் தள்ளினால் நெகிழ்ந்து கொடுக்கும். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, தன் அணித்தலைவனிடம் காட்ட ஓடினான். நெஞ்சில் சுருக்கென்றது. கூடவே ஒரு நிறைவும்.

அன்று கடைசியாகத் தடம் தேடும் விளையாட்டு. கூழாங்கல்லால் அம்புக்குறி, தவறான வழிக்குப் பெருக்கல் குறி என்று திடலோரம் முழுக்க அக்காவும் நானும் முன்பே வைத்திருந்தோம். முடியும் இடத்தில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. 'நான் வீடு போய்ச் சேர்ந்துவிட்டேன்' என்று அதற்குப் பொருள். 1941-இல் மறைந்த பேடன் பவலின் கல்லறையிலும், கென்யாவின் நியேரியில், அந்தக் குறியைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் வட்டத்தைக் கண்டுபிடித்துக் கத்திக்கொண்டு மைலோவுக்கு ஓடிவிட்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தடம் வைத்தவர்களே அதைக் கலைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது பழக்கம். அக்கா குனிந்து நடுப்புள்ளிக் கல்லை எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். வட்டத்துக் கற்களை நான் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன்.