எதற்காகப் பசித்திருக்கிறோம்?



விபூதிப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இன்று எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?" என்பதாகும். திருச்சபை அதற்குத் தெளிவான விடை தந்துள்ளது. 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சியைத் தவிர்த்துச் சுத்தபோசனம் காக்க வேண்டும். 18 வயது நிறைந்தவர்கள், 59 வயது நிறையும்வரை, ஒருவேளை மட்டும் வயிறார உண்டு, மற்ற வேளைகளில் சிறிதளவோடு நிறுத்தி ஒருசந்தி பிடிக்க வேண்டும். நோயாளருக்கு இக்கடமை இல்லை.

ஆனால் இரண்டாவது கேள்வி ஒன்றுண்டு. நாம் பசித்திருப்பது எதற்காக?

வேதாகமத்தைப் பாருங்கள். மோயீசன் சீனாய் மலையில் 40 நாள் உண்ணாதிருந்து கட்டளைகளைப் பெற்றார். எலியாஸ் உண்ட உணவின் பலத்தோடு 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார். அங்கே மெல்லிய ஓசையில் இறைவனை உணர்ந்தார். நம் ஆண்டவர் தம் போதக வாழ்வைத் தொடங்குமுன் பாலைவனத்தில் 40 நாள் நோன்பிருந்தார். அந்தியோக்கியாத் திருச்சபையார் நோன்பிருந்து வழிபட்ட வேளையிலேதான், பர்னபாவையும் சவுலையும் தமது பணிக்கென ஒதுக்கிவைக்கும்படி பரிசுத்த ஆவியானவர் பணித்தார். இறைவனின் குரலுக்குச் செவிகொடுக்கவே இவர்கள் வயிற்றை அடக்கினார்கள்.

1953ஆம் ஆண்டுக்கு முன் நற்கருணை வாங்குவோர் நள்ளிரவு தொடங்கித் தண்ணீரும் அருந்துவதில்லை. 1964இல் அந்த நோன்பு ஒரு மணி நேரமாயிற்று. 1966இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் கட்டாய ஒருசந்தி நாள்களையும் குறைத்தார். தவம் வேண்டாம் என்பதற்காகவா? இல்லை. சட்டத்துக்கு அஞ்சிச் செய்ததை இனி அன்பினால் செய்வோம் என்று திருச்சபை நம்மை நம்பியது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினோமா? இறைச்சியை விலக்கிவிட்டு, இறாலும் நண்டுமாக விருந்து சமைத்தால் சட்டம் மீறப்படவில்லைதான். ஆனால் உள்ளம் எங்கே இருந்தது?

ஒருசந்தி நாளில் முற்பகல் வேளையில் வயிறு கேட்கத் தொடங்கும். அதைச் செபத்துக்கு அடிக்கும் கோவில் மணியாக எண்ணுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டு, "ஆண்டவரே, உம்மை நாடிப் பசித்திருக்கிறேன்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். சமையல் குறைந்ததால் மிஞ்சிய அரைமணி நேரத்தில் குடும்பமாக இருந்து பாடுகளின் வரலாற்றை வாசியுங்கள். மிஞ்சிய பணம் நமதல்ல; நம் ஒழுங்கையில் அடுப்பெரியாத வீட்டுக்குரியது.

நோன்பு நாளிலும் சண்டையிட்டு, வேலையாட்களை வருத்தியவர்களை இசையாஸ் இறைவாக்கினர் கடிந்துகொண்டார். பசியின் எரிச்சலை மனைவி மீதும் பிள்ளைகள் மீதும் கொட்டுபவரின் நோன்பும் அத்தகையதே. தானும் ஒருசந்தி பிடித்து, சின்னஞ்சிறுவருக்கும் முதியோருக்கும் மூன்று வேளையும் சமைக்கும் தாயை நினையுங்கள். அன்று அவளது வேலையில் ஒரு பங்கை ஏற்பது கணவருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நல்ல தவம்.

நோன்பிருப்பவர் முகவாட்டமின்றி, முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசி இருக்க வேண்டும் என்றார் இயேசு. மறைவில் காணும் தந்தைக்கு மட்டும் தெரிந்தால் போதும். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு வேளை உணவை அவருக்காக விட்டுப் பாருங்கள். அந்த நேரத்தையும் அவருக்கே கொடுங்கள்.